கருச்சிதைவுச் சத்திரசிகிச்சையும் வலி நிவாரணமும்: கேட்டறிய வேண்டிய உரிமை

கருச்சிதைவு என்பது எம்மவர் குடும்பங்களிலே அதிகம் பேசப்படாத துயரங்களுள் ஒன்றாகும். பிள்ளை பிறந்த செய்தியை ஊருக்கும் உறவுக்கும் தொலைபேசியில் அறிவித்து மகிழும் நாம், கரு தங்காமற் போன செய்தியை வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடக்கி விடுகின்றோம். ஆயினும் இத்துயரம் அரிதானதன்று. 'லான்செட்' மருத்துவ ஏடு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுத் தொடரின்படி, அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 வீதமானவை கருச்சிதைவில் முடிகின்றன. உலகளவில் இது ஆண்டொன்றுக்கு 2 கோடி 30 இலட்சம்; நிமிடமொன்றுக்கு 44. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்பவை. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் நிறமூர்த்தங்களில் தற்செயலாக ஏற்படும் பிறழ்வே காரணமாகும். தாய் பாரம் தூக்கியதோ, மாடிப்படி ஏறியதோ, யாரோ கண்ணூறு பட்டதோ காரணமன்று.

இத்துயரத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு கட்டுரையில் அடக்கிவிட முடியாது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரேயொரு விடயத்தை மாத்திரமே. சிதைந்த கருவின் எச்சங்களை வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை மூலம் அகற்றும்போது, அப்பெண்ணின் வலிக்கு என்ன செய்யப்படுகின்றது? எம்மவர் பெருந்தொகையாக வாழும் பிரித்தானியாவை உதாரணமாகக் கொள்வோம். அங்கு இச்சிகிச்சையை முழு மயக்கத்திலும் செய்விக்கலாம். விழித்திருந்தவாறு, விறைப்பூசியின் துணையுடனும் செய்விக்கலாம். எது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை பெரும்பாலான சந்தர்ப்பங்களில் பெண்ணுக்கே உண்டு. அப்படியொரு தெரிவு இருப்பதை அறியாமலேயே கையொப்பமிடும் எமது பெண்களுக்காகவும், அவர்களுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் கணவன்மாருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞர் எமது அலுவலகத்துக்கு ஒரு படிவத்துடன் வந்திருந்தார். மறுநாள் அவருடைய மனைவிக்கு இச்சிகிச்சை நடைபெறவிருந்தது. "ஐயா, இதிலை எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அப்படிவத்திலே என்ன எழுதியிருக்கின்றது என்று அவர் கேட்கவில்லை. அகதி விண்ணப்பம், வீட்டு உதவிப் படிவம், குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் என எண்ணற்ற தாள்களிலே கையெழுத்திட்டுப் பழகிய கைக்கு இதுவும் இன்னொரு தாளாகவே தோன்றியிருக்க வேண்டும். முழு மயக்கம், விறைப்பூசி ஆகிய இரண்டும் அதிலே குறிப்பிடப்பட்டிருந்தன. எதையும் யாரும் தமிழில் விளக்கியிருக்கவில்லை. கையொப்பமிட முன்னர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கோருமாறு நாம் கூறி அனுப்பினோம். தொலைபேசி வழியாக ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததாகவும், மனைவி தாமே பேசித் தமக்கு வேண்டியதைத் தெரிவு செய்ததாகவும் பின்னர் அறிவித்தார்.

மூன்று வழிகள்

கருச்சிதைவு ஏற்பட்டதாக ஸ்கானிங் மூலம் உறுதிசெய்யப்பட்ட பின்னர், மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எச்சங்கள் இயல்பாகவே வெளியேறும்வரை காத்திருத்தல். இரண்டாவது, மாத்திரைகளின் மூலம் வெளியேற்றுதல். மூன்றாவது, சத்திரசிகிச்சை. பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், 2012 இல் வெளியிட்ட வழிகாட்டியில், பொதுவாக 7 முதல் 14 நாட்கள் வரை காத்திருப்பதை முதல் வழியாகப் பரிந்துரைத்தது. அதிக குருதிப்போக்கு அபாயம், தொற்று, முன்னைய கர்ப்பங்களின் துயர அனுபவம் போன்றவை இருப்பின் ஏனைய வழிகளை ஆராயலாம் எனவும் கூறியது.

எந்த வழி பாதுகாப்பானது என்ற ஐயம் எழுவது இயல்பே. பிரித்தானியாவில் 1,200 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று வழிகளிலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு 2 முதல் 3 வீதமே எனவும், அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனவும் கண்டது. ஆகவே, அவசர நிலை இல்லாதவிடத்து, பெண்ணின் விருப்பத்துக்குப் பெரும் இடமுண்டு. வலி என்பது மூன்று வழிகளிலும் உண்டு என்பதையும் மறத்தலாகாது. மாத்திரைகளால் வெளியேற்றும்போது வீட்டிலேயே கடும் வயிற்றுவலி ஏற்படக்கூடும். அதற்கான வலிநிவாரணிகளும் வாந்தியைத் தடுக்கும் மருந்தும் வழங்கப்பட வேண்டும் என்பது அதே வழிகாட்டியின் கூற்று.

சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்வோருக்கு, மருத்துவ ரீதியாகப் பொருத்தமாயின், இரண்டு முறைகளையும் முன்வைத்துத் தெரிவு செய்ய விடவேண்டும் என அவ்வழிகாட்டி கூறுகின்றது. ஒன்று, சத்திரசிகிச்சைக் கூடத்திலே முழு மயக்கத்தில் செய்வது. மற்றையது, வெளிநோயாளர் பிரிவிலே விறைப்பூசியுடன் கையால் இயக்கும் உறிஞ்சு குழாய் மூலம் செய்வது. எல்லா வைத்தியசாலைகளிலும் இரண்டும் கிடைப்பதில்லை. கருவின் பருமன் கூடுதலாக இருப்பின் இரண்டாவது முறை பொருந்தாமலும் போகலாம். ஆனால் கேட்பதற்குத் தடையில்லை. வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என வினவுவதற்கும் தடையில்லை.

எமது ஊரிலே 'டி அன்ட் சி' என்றும், 'வயிறு கழுவுதல்' என்றும் வழங்கிய சிகிச்சையை நினைந்து பல பெண்கள் அஞ்சுகின்றனர். கூரிய கரண்டி போன்ற கருவியாற் கருப்பையைச் சுரண்டும் அப்பழைய முறையைக் கைவிட்டு, உறிஞ்சும் முறையையே பயன்படுத்த வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. இன்று செய்யப்படுவது இந்த உறிஞ்சும் முறையே. அகற்றும் வேலை பெரும்பாலும் பத்து நிமிடங்களளவில் முடிந்து விடும்.

வலி எங்கிருந்து எழுகின்றது?

விறைப்பூசி என்றதும் பல் பிடுங்கும்போது போடப்படும் ஊசி நினைவுக்கு வரும். அங்கே ஊசி போட்ட பின்னர் வலி அறவே தெரிவதில்லை. கருப்பையின் நிலைமை அவ்வாறன்று. இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளாத பெண், ஊசி போட்டும் வலிக்கின்றதே, ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டதோ எனப் பதறுவாள்.

கருப்பைக்கு இரண்டு வழிகளில் நரம்புகள் செல்கின்றன. கீழ்ப்பகுதியாகிய கருப்பைக் கழுத்துக்கு முதுகந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் செல்கின்றன. மேற்பகுதிக்கோ அதற்கு மேலே, நடுமுதுகின் கீழ்ப்பாகத்திலிருந்தும் இடுப்பின் தொடக்கத்திலிருந்தும் வரும் நரம்புகள், சூலகக் குருதிக் குழாய்களை ஒட்டி வந்து சேருகின்றன. கருப்பைக் கழுத்தைச் சுற்றிப் போடப்படும் விறைப்பூசி முதலாவது வழியையே முதன்மையாக அடைக்கின்றது. எனவே கழுத்தை விரிக்கும்போது எழும் வலி நன்கு குறைகின்றது. ஆனால் உள்ளிருப்பது அகன்றதும் கருப்பை இறுகிச் சுருங்கும். அப்போது மாதவிடாய் வலியை ஒத்த, சிலருக்கு அதனிலும் கடுமையான இழுப்பு ஏற்படும். சிகிச்சை முடிவுக்கு வருகின்றது என்பதன் அறிகுறி அது. பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும்.

இதற்குப் பயன்படும் மருந்து பெரும்பாலும் லிடோகெயின் ஆகும். சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943 இல் உருவாக்கி, 1948 முதல் விற்பனைக்கு வந்த மருந்து இது. இதற்கு அளவு முக்கியம். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான வரம்பு. வழமையாகக் கொடுக்கப்படும் 1 வீதக் கரைசலின் 20 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் மருந்து உண்டு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதுவே உச்ச அளவு. எமது பெண்களிற் பலர் மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள். ஆகையால் எடையைச் சரியாகக் கூறுவது அவசியம். ஊசி போட்டதும் உதட்டைச் சுற்றி விறைத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் ஆகியவை தோன்றினால், நாணாது உடனே சொல்ல வேண்டும். மருந்து குருதியில் அதிகம் கலந்ததன் முதல் அறிகுறிகள் அவை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இவ்வூசியின் பயனை அளவிட அமெரிக்காவிலே 120 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2012 இல் வெளியாகின. அப்பெண்கள் கருக்கலைப்புக்காக வந்தவர்கள். எனினும் உறிஞ்சும் முறை ஒன்றே. ஒரு சாராருக்கு உண்மையான ஊசி போடப்பட்டது. மறு சாராருக்குப் போடுவது போன்ற பாவனை மாத்திரமே செய்யப்பட்டது. வலியைப் பூச்சியம் முதல் 100 வரையான அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். ஊசி போடும் தருணத்திலேயே வலி 55 எனப் பதிவாகியது. பாவனை ஊசிக்கு 30. ஆனால் கழுத்தை விரிக்கும்போது ஊசி போட்டவர்களுக்கு 42, போடாதவர்களுக்கு 79. உறிஞ்சும்போது 63 உம் 89 உம்.

இவ்வெண்களிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஊசி வலியைப் பெருமளவு குறைக்கின்றது. ஆனால் அறவே நீக்குவதில்லை. 'ஒன்றும் தெரியாது' என்று யாராவது கூறினால் அது முழு உண்மையன்று. 'ஊசியால் என்ன பயன், பொறுத்துக்கொள்' என்று கூறினால் அதுவும் உண்மையன்று.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட கருக்கலைப்புப் பராமரிப்பு வழிகாட்டியில், 14 வாரங்களுக்கு உட்பட்ட உறிஞ்சற் சிகிச்சைக்கு வலிநிவாரணி மாத்திரைகளை எல்லோருக்கும் வழங்க முன்வர வேண்டும் எனவும், கருப்பைக் கழுத்தைச் சுற்றிய விறைப்பூசியைப் பயன்படுத்த வேண்டும் எனவும் பரிந்துரைத்துள்ளது. வசதி உள்ள இடங்களில், நினைவு தப்பாமல் உடலைத் தளர்த்தும் மருந்தையும் விறைப்பூசியுடன் சேர்த்து வழங்கலாம் என்கின்றது. முழு மயக்கத்தை எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்பதும் அதன் கருத்து. வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்பது, வேண்டிய பெண்ணுக்கு மறுக்க வேண்டும் என்று பொருள்படாது.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, ஐபியூபுரோபன் வகையைச் சேர்ந்தவை இந்த இழுப்பு வலிக்குச் சிறந்தவை. சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்தாலே உரிய நேரத்தில் வேலை செய்யும். எம்மவர் எதற்கும் எடுக்கும் பனடோல் தனித்து இதற்குப் போதாது. ஆனால் ஆஸ்துமா, குடற்புண், சிறுநீரக நோய் உடையவர்களுக்கு ஐபியூபுரோபன் பொருந்தாமல் இருக்கலாம். அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில வைத்தியசாலைகளில், பிரசவ அறையிலே வழங்கப்படும் 'என்ரனொக்ஸ்' வாயுவையும் மூச்சாக இழுக்கக் கொடுப்பர். நைதரசன் ஒட்சைட்டையும் பிராணவாயுவையும் சம பங்கிற் கலந்த இவ்வாயு, மைக்கேல் டன்ஸ்டல் என்ற பிரித்தானிய வைத்தியரால் 1961 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. இழுப்பதை நிறுத்தியதும் அதன் மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்து விடும்.

யாருக்கு வலி கூடுதலாக இருக்கக்கூடும்? இதற்கு முன் பிள்ளை பெறாதவர்கள், மாதவிடாயின்போது வழமையாகக் கடும் வலி அனுபவிப்பவர்கள், கர்ப்பம் கூடுதல் வாரங்களைக் கடந்தவர்கள், மிகுந்த அச்சத்துடன் வருபவர்கள் ஆகியோருக்கு என்பது அவதானிக்கப்பட்டுள்ளது. அருகிலிருந்து கையைப் பிடித்து, அடுத்து நிகழவிருப்பதை மெல்ல எடுத்துரைக்கும் ஒருவர் இருப்பதும் வலிநிவாரணத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகின்றது. மொழி தெரியாத பெண்ணுக்கு அந்தப் பகுதி முற்றாகவே கிடைக்காமற் போகின்றது என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

முழு மயக்கத்தைத் தெரிவு செய்பவர்கள்

முழு மயக்கத்தில் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு அச்சமயத்தில் எதுவும் தெரியாது. காணவும் கேட்கவும் விரும்பாதவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் சில ஒழுங்குகள் தேவை. பொதுவாக ஆறு மணி நேரம் உணவு உண்ணாதிருக்க வேண்டும். தெளிந்த நீரை எதுவரை அருந்தலாம் என்பதை வைத்தியசாலை கூறும். மயக்க மருந்தின் பின்னர் வயது வந்த ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் செல்லவும், முதல் 24 மணி நேரம் கூட இருக்கவும் வேண்டும். அகதிகள் விடுதியிலே தனித்து வாழும் பெண்ணுக்கு இதுவே பெருஞ் சிக்கலாகி விடுகின்றது. அத்தகையோர் முன்கூட்டியே சொன்னால், இரவு வைத்தியசாலையிலேயே தங்க ஒழுங்கு செய்ய முடியுமா எனப் பேசலாம். விறைப்பூசி முறையில் உண்ணாதிருத்தல் பொதுவாகத் தேவைப்படாது; ஓரிரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். வேறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய்மாருக்கு அது வசதியாக அமையக்கூடும். கண்விழித்த பின்னர் வரும் வலி இரு முறைகளுக்கும் பொதுவானது. அதற்கும் மருந்து கேட்கலாம்.

கடும் குருதிப்போக்கோ தொற்றோ ஏற்பட்டால் தெரிவுக்கு நேரம் இராது. அப்போது வைத்தியர்கள் உடனடியாகச் செயற்படுவர். நாம் இங்கு பேசுவது அவகாசம் உள்ள சந்தர்ப்பங்களைப் பற்றியே.

பொறுத்தல் என்னும் பெருமை

பெண்ணின் வலி விதிக்கப்பட்டது, அதனை நீக்கலாகாது என்ற எண்ணம் எமது சமூகத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1847 இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற வைத்தியர் பிரசவ வலிக்கு ஈதரையும், பின்னர் குளோரோபோமையும் பயன்படுத்தத் தொடங்கியபோது, சமய ரீதியான ஆட்சேபங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பதிலளித்து அதே ஆண்டில் அவர் ஒரு சிறுநூலே வெளியிட வேண்டியிருந்தது. 1853 இல் விக்டோரியா மகாராணியார் தமது எட்டாவது பிள்ளையின் பிரசவத்தின்போது ஜோன் ஸ்நோ என்ற வைத்தியரிடம் குளோரோபோம் பெற்ற பின்னரே, எதிர்ப்பு படிப்படியாக அடங்கியது. மகாராணிக்கு ஆகுமென்றால் மற்றையோருக்கும் ஆகும் என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

எமது பெண்களோ பொறுமையையே அணிகலனாகக் கொண்டு வளர்க்கப்பட்டவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பெருமையாகவும், வாய்விட்டு அழுவதை நாணத்துக்குரியதாகவும் கருதுபவர்கள். 'பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?' என்று தாதி கேட்கும்போது, 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லையே பதிலாகக் கொடுக்கின்றார்கள். எமது மொழியில் அச்சொல், தாங்க முடியவில்லை, ஆனாலும் உங்களுக்குத் தொல்லை தர விரும்பவில்லை என்பதையும் குறிக்கும். மொழிபெயர்க்கப்படும்போது, வலி இல்லை என்றே ஆகிவிடுகின்றது. தாதி அதனைத் தாளிற் பதிந்து விட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்கின்றார். மௌனத்தை வாசிக்கும் கருவி எந்த வைத்தியசாலையிலும் இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எமது முன்னோர் வாக்கு.

எமது பேச்சுத்தமிழில் வலிக்குரிய சொற்களுக்குக் குறைவில்லை. நோ, உளைவு, குத்து, கடுப்பு, கொதி, இழுப்பு, நாரிப்பிடிப்பு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இச்சொற்களையே மொழிபெயர்ப்பாளரிடம் கூற வேண்டும். வலி வயிற்றிலா நாரியிலா, விட்டு விட்டு வருகின்றதா தொடர்ந்து நிற்கின்றதா என்று பிரித்துக் கூறுவது வைத்தியருக்குப் பேருதவியாகும். எண்ணாற் கூறச் சொன்னால், எண்ணாலேயே கூற வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் யார்?

பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று கூறுவது நன்று. கணவனோ, பாடசாலை செல்லும் மகளோ இப்பணியைச் செய்வது உகந்ததன்று. பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் குருதிப்போக்கைப் பற்றி வைத்தியருக்கு எடுத்துரைக்க நேர்வது எவ்வளவு கொடுமையானது என்பதை விளக்கத் தேவையில்லை. கணவன் அன்பினாலேயே சிலவற்றை மறைப்பார். 'அவள் தாங்குவாள்' என்று அவளுக்காகத் தானே பதிலளிப்பார்.

மொழிபெயர்ப்பாளர் எமது சமூகத்தவராயின் செய்தி ஊரெங்கும் பரவி விடும் என்ற அச்சமும் உண்டு. இரகசியம் பேணுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. அதற்கு மேலும் தயக்கம் இருப்பின், முகந்தெரியாத ஒருவரைத் தொலைபேசி மூலம் கோரலாம். பெண் ஒருவரே வேண்டும் எனவும் கேட்கலாம்.

இன்னொரு அச்சத்தையும் குறிப்பிட வேண்டும். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே குருதிப்போக்குடன் வைத்தியசாலைக்குச் செல்லும் பெண், தன்னைச் சந்தேகிப்பார்களோ எனக் கலங்குவதுண்டு. அக்கலக்கத்தைக் கடல் கடந்தும் சுமந்து வந்தவர்கள் பலர். அதிலும் பழைய மருத்துவ ஆங்கிலத்தில், தானாகச் சிதைந்த கருவையும் கலைக்கப்பட்ட கருவையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் இருந்தது. துயருற்ற பெண்ணை அச்சொல் புண்படுத்துகின்றது, அதனைக் கைவிட வேண்டும் என்று பிரித்தானிய வைத்தியர்கள் சிலர் 1985 இல் 'லான்செட்' ஏட்டிலே எழுதினர். பழைய தாளொன்றில் அச்சொல்லைக் கண்டால் அதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டாம். கருச்சிதைவுக்காக வருபவரிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகள் சிகிச்சைக்கானவை. நடந்ததை ஒளிவு மறைவின்றிக் கூறினாலே உரிய மருந்து கிடைக்கும்.

கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களிடம் வைத்தியசாலைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்குப் பின்னர் கட்டணச் சீட்டு வரக்கூடும். ஆயினும் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணத்துக்காகத் தாமதிக்க முடியாது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை. பணத்துக்கு அஞ்சி வீட்டிலேயே குருதி சிந்திக் கிடத்தல் உயிருக்கு ஆபத்தானது.

உடல் நினைவில் வைத்திருப்பவை

எமது பெண்களிற் சிலருக்குச் சொல்லொணாக் கடந்த காலம் ஒன்றுண்டு. தடுப்புக்காவலிலும் சோதனைச் சாவடிகளிலும் முகாம்களிலும் உடல்மீது வன்முறைக்கு உள்ளானவர்கள் எம்மத்தியில் வாழ்கின்றார்கள். அத்தகைய ஒருவருக்கு, விழித்திருந்தவாறு கால்களை விரித்துக் கிடக்கும் இச்சிகிச்சை, வலியையும் கடந்த வேதனையாக அமையலாம். மனம் எதை மறக்க முயன்றதோ அதனை உடல் நினைவூட்டி விடும். நடந்தவற்றை விபரமாக விளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 'எனக்கு இத்தகைய சோதனைகள் மிகவும் கடினமானவை. முழு மயக்கத்தில் செய்யுங்கள்' என்று கூறினாலே போதுமானது. பெண் வைத்தியரைக் கோரலாம். விறைப்பூசி முறையையே தெரிவு செய்தாலும், கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

கேட்க வேண்டியவை

2015 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மொன்ட்கோமரி வழக்கிலே முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. ஒரு சிகிச்சையின் கருதத்தக்க அபாயங்களையும், அதற்கு மாற்றாக உள்ள நியாயமான வழிகளையும் நோயாளிக்குத் தெரியப்படுத்துவது வைத்தியரின் கடமை என்பதே அதன் சாரம். நோயாளிக்குப் புரியாத மொழியில் கூறுவது தெரியப்படுத்துவதாகாது. எனவே பின்வருவனவற்றைக் கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை:

இச்சிகிச்சையை விறைப்பூசியுடனும் முழு மயக்கத்திலும் செய்ய முடியுமா? எனக்கு எது பொருந்தும், ஏன்?

சிகிச்சைக்கு முன்னர் எந்த மாத்திரையை, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்?

கருப்பைக் கழுத்தை இளக்கத் தரும் மருந்தாலும் வலி வருமா? வந்தால் என்ன செய்வது?

சிகிச்சையின்போது வலி தாங்க முடியாவிட்டால் மேலதிகமாக என்ன தருவீர்கள்? நிறுத்துவீர்களா?

என்னுடன் ஒருவர் இருக்கலாமா? மொழிபெயர்ப்பாளர் சிகிச்சை முடியும்வரை இருப்பாரா?

வீட்டுக்கு எடுத்துச் செல்ல என்ன வலிநிவாரணி தருவீர்கள்?

இவற்றைத் தாளொன்றில் எழுதி எடுத்துச் செல்லலாம். இருக்கும் நோய்கள், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பின்னர்

சில நாட்களுக்கு மாதவிடாய் போன்ற நோவும் இரத்தக் கசிவும் இருப்பது இயல்பு. வெந்நீர்ப் போத்தலும், வைத்தியர் கூறிய மாத்திரைகளும் ஆறுதல் தரும். ஆனால் வலி நாளுக்கு நாள் கூடுதல், காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம், துர்நாற்றமுள்ள கசிவு, தலைச்சுற்று, பெரிய அணையாடைகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நனையுமளவு குருதிப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். 'கழுவினால் அப்படித்தான் இருக்கும்' என்ற அயலவர் வார்த்தையை நம்பியிருத்தல் கூடாது.

இக்கட்டுரை வைத்தியரின் ஆலோசனைக்கு மாற்றீடாகாது. வைத்தியரிடம் எதைக் கேட்பது என்பதை எம்மவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது நோக்கம். இழந்த கருவை எந்த மருத்துவமும் மீட்டுத் தராது. அத்துயரத்தின் மேல் உடல் வேதனையையும் வீணே சுமக்க வேண்டிய நியதி எந்தப் பெண்ணுக்கும் இல்லை. கணவன்மார் இதனை வாசித்துவிட்டு மடித்து வைக்காமல், வீட்டிலுள்ள பெண்களிடம் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்த பெண்கள் அறியாத சகோதரிகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். படிவத்தை யாராவது நீட்டினால், எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்க முன்னர், இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்கும் பழக்கம் எம்மவரிடையே வேரூன்ற வேண்டும்.